ஒயரை முறுக்கிச் சுற்றினால் போதுமா?

காட்டாக்கடை, நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் நம்மவர்களுக்கு, இடவப்பாதி மழை தொடங்கியதும் சில தொல்லைகளும் கூடவே வந்து சேருகின்றன. விளக்கு மினுக்குகிறது. மின்விசிறி ஒரு நேரம் வேகமாகவும் ஒரு நேரம் சோம்பலாகவும் சுழலுகிறது. சுவிட்ச் போர்டின் பின்னாலிருந்து 'சிர்' என்று மெல்லிய ஓசை கேட்கிறது. சில சமயம் ரப்பர் கருகியது போன்ற வாடையும் வருகிறது. உடனே நாம் சொல்வது, "கரண்ட் சரியில்லை" என்பதுதான். பழி மின்வாரியத்தின் மேல் விழுகிறது.

ஆனால் அடுத்த வீட்டில் விளக்கு ஆடாமல் எரிகிறது என்றால், குற்றம் வெளியே இல்லை. நம் வீட்டுச் சுவருக்குள்ளேயே, ஒயரும் ஒயரும் சேரும் ஏதோ ஓர் இடத்தில் இருக்கிறது. வயரிங்காரர்கள் இதை 'லூஸ் ஜாயிண்ட்' என்பார்கள். மின்சாரத்தால் வீட்டில் நெருப்புப் பிடிப்பதற்கு முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று.

இந்த ஜாயிண்டைச் சரியாகப் போடுவதற்கு எளிய சாதனம் ஒன்று இப்போது நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கிறது. 'லீவர் கனெக்டர்' என்று பெயர். சின்னக் கைப்பிடியைத் தூக்கி, ஒயரைச் செருகி, கைப்பிடியை அழுத்தினால் ஜாயிண்ட் முடிந்தது. அது எப்படி வேலை செய்கிறது, எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்பதைத் தெரிந்து கொள்வது, வயரிங் வேலை செய்யும் தோழர்களுக்கு மட்டுமல்ல, அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் பாய் விரித்துப் படுக்கும் எல்லோருக்கும் நல்லது.

ஒட்டுப் போட்ட வீடுகள்

இந்த வட்டாரத்துக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு பழையது. திருவிதாங்கூர் அரசு 1929ல் திருவனந்தபுரத்தில் அனல் மின்நிலையம் அமைத்தது. 1940ல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அப்போது நெய்யாற்றின்கரையும் நாகர்கோவிலும் ஒரே சமஸ்தானத்தில் இருந்தன. 1956 நவம்பர் 1ந் தேதி மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மறு ஆண்டே கேரள மாநில மின்வாரியம் பிறந்தது. இன்று பாறசாலையில் ஒரு வாரியம், எல்லைக்கு அந்தப் பக்கம் களியக்காவிளையில் வேறொரு வாரியம். ஆனால் இரண்டு பக்கமும் அதே 230 வோல்ட்தான். பேஸ், நியூட்ரல், எர்த் என்ற சொற்களும் இரண்டு மொழிக்கும் பொது.

2017 மே 29ந் தேதி கேரளம் முழுமையாக மின்மயமான மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது. மின்சாரம் இல்லாத வீடு இல்லை என்பது பெருமைப்பட வேண்டிய சங்கதியே. ஆனால் வீடுகள் எல்லாம் ஒரே நாளில் கட்டப்பட்டவை அல்ல. முன்பக்கம் பழைய ஓட்டு வீடு. அதன் பின்னால் பிறகு எழுப்பிய கான்கிரீட் அறை. அதற்கும் பின்னால் வாடகைக்கு விடுவதற்காகத் தகரம் போட்ட இரண்டு அறைகள். புது அறை வரும்போதெல்லாம் பழைய லைனிலிருந்து ஓர் ஒட்டு. அந்த ஒட்டிலிருந்து இன்னோர் ஒட்டு. கடைசி அறையில் குடியிருப்பவர் சுவிட்சைத் தட்டும்போது, அந்தக் கரண்ட் ஏழெட்டு ஜாயிண்ட்களைத் தாண்டி வர வேண்டியிருக்கும். அந்தக் கடைசி அறையில் இருப்பவர் பெரும்பாலும் யார் என்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஜாயிண்ட் ஏன் சுடுகிறது?

ஓர் ஒயரின் நடுப்பகுதி அவ்வளவு எளிதில் கெடாது. கெடுவது நுனிதான். இரண்டு செம்பு நுனிகள் அழுத்தமாக ஒட்டிக் கிடந்தால் கரண்ட் தாராளமாகக் கடக்கும். அழுத்தம் குறைந்தால், கரண்ட் கடக்கும் வாசல் குறுகிப் போகும். பத்துப் பேர் நுழைய வேண்டிய வாசலில் ஒரு கதவை மூடி விட்டால் நெரிசல் ஏற்படுவது போலத்தான். அந்த நெரிசல் சூடாக மாறுகிறது.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 2,000 வாட் வெந்நீர் ஹீட்டர் சுமார் 8.7 ஆம்பியர் கரண்ட் இழுக்கும். ஜாயிண்டின் தடை ஓம் ஒன்றில் ஆயிரத்தில் ஒரு பங்காக இருந்தால், அங்கே உண்டாகும் சூடு ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதே ஜாயிண்ட் தளர்ந்து, தடை பத்தில் ஒரு பங்கு ஓமாக உயர்ந்தால் சூடு சுமார் ஏழரை வாட். ஏழரை வாட் என்ன பெரிதா என்று தோன்றலாம். சாமி படத்துக்கு முன்னால் எரிந்த பழைய 'ஜீரோ வாட்' குண்டு பல்பு பெயருக்குத்தான் ஜீரோ; உண்மையில் அது பதினைந்து வாட் வரை எடுக்கும். சிறிது நேரம் எரிந்த பிறகு அதைத் தொட முடியாது. அந்தச் சூட்டில் பாதி, ஒரு பட்டாணி அளவு இடத்தில், டேப் சுற்றி மூச்சு முட்ட அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சாதாரண பி.வி.சி. ஒயர் தாங்குவது 70 டிகிரிதான்.

சூடானால் செம்பின் மேல் களிம்பு படியும். களிம்பு படிந்தால் தடை கூடும். தடை கூடினால் சூடு மேலும் ஏறும். இது தன்னைத்தானே வளர்த்துக் கொள்ளும் கேடு. மழைக்காலத்து ஈரச் சுவர் இதற்குத் துணை. பகலில் சுமை இல்லாமல் குளிர்வதும், இரவில் சுமை ஏறிச் சூடாவதுமாக நுனி விரிந்து சுருங்கி, பிடி மேலும் தளரும்.

பிரேக்கர் கண்ணுக்குத் தெரியாத நோய்

"எங்கள் வீட்டில் எம்.சி.பி. இருக்கிறது. கோளாறு என்றால் அது விழுந்து விடுமே" என்று சிலர் கேட்கலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

எம்.சி.பி. என்பது அளவுக்கு மேல் கரண்ட் போனால் விழும் கருவி. தளர்ந்த ஜாயிண்ட் கரண்டின் அளவைக் கூட்டுவதில்லை. சிறிது குறைக்கவே செய்கிறது. ஹீட்டர் இழுப்பது அதே எட்டு ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது சாதாரணமான அளவு. ஆகவே அது விழாது. உயிர் காக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவியோ, போகும் கரண்டும் திரும்பி வரும் கரண்டும் சமமாக இருக்கின்றனவா என்று பார்ப்பது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தால்கூட லைனை அறுத்து விடும். ஆனால் தளர்ந்த ஜாயிண்டில் கசிவு இல்லை. போனது அப்படியே திரும்புகிறது. அதனால் அதுவும் விழாது. இரண்டு காவல்காரர்களும் விழித்திருக்கும்போதே வீட்டுக்குள் நெருப்பு புகையும்.

நியூட்ரல் ஜாயிண்ட் விட்டுப் போனால் இன்னொரு ஆபத்தும் உண்டு. மூன்று பேஸ் எடுத்திருக்கும் கட்டிடத்தில் பொது நியூட்ரல் அறுந்தால், சில அறைகளுக்கு 230 வோல்ட்டுக்குப் பதிலாக 400 வோல்ட்டை நெருங்கும் அளவுக்குக் கரண்ட் பாயலாம். விளக்கு, டி.வி., ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். ஒரு மாதச் சம்பளத்தைச் சேர்த்து வாங்கிய சாமான், ஒரு முறுக்கு தளர்ந்ததால் வீணாகும்.

இதுவரை செய்து வந்தது என்ன?

ஒயரை ஒட்டும் கலை தந்திக் காலத்திலிருந்தே உண்டு. தந்திக் கம்பிகளை ஒன்றின் மேல் ஒன்று சுற்றி இறுக்கும் முறை 19ஆம் நூற்றாண்டிலேயே வழக்கத்துக்கு வந்து விட்டது. நம் வயரிங்காரர்கள் செய்யும் முறுக்கு அதன் பேரப்பிள்ளை. தேர்ந்த கை, குறடு கொண்டு ஆறேழு சுற்று இறுக்கி, ஈயம் பற்ற வைத்து, டேப் சுற்றினால் அது உறுதியான ஜாயிண்ட்தான். ஆனால் இன்று ஏணி மேல் நின்று ஈயம் பற்ற வைப்பவர் யார்? கையால் இரண்டு முறுக்கு, மேலே டேப், அதோடு சரி. டேப் என்பது செம்பை மூடுவதற்கே தவிர இறுக்குவதற்கு அல்ல. சில கோடைகள் கழிந்தால் அதன் பசையும் உருகிப் பிசுபிசுத்துக் கழன்று விடும்.

இந்தக் குறையைப் போக்க வெளிநாடுகளில் பல வழிகள் தேடப்பட்டன. கனடாவில் வில்லியம் மார் என்பவர் 1914ல் ஈயம் பற்ற வைக்காமலே ஒயரைச் சேர்க்கும் கனெக்டரைக் கண்டுபிடித்தார். நம் நாட்டில் வழக்கத்துக்கு வந்தது ஸ்குரூ வைத்த கனெக்டர் பட்டி. வெள்ளை பிளாஸ்டிக்கில் வரிசையாக ஓட்டைகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்குரூ. முறுக்கை விட இது மேல். எனினும் இதிலும் எல்லாம் கையின் அளவைப் பொறுத்தது. குறைவாக இறுக்கினால் தளரும். மிகையாக இறுக்கினால் மெல்லிய இழைகள் நசுங்கி அறும். ஒழுங்காக இறுக்கியதுகூட, சூடும் குளிருமாக மாறி மாறி வருவதால் நாளடைவில் தளரக் கூடும்.

மத்தியப் பொதுப்பணித் துறை தன் வேலைகளுக்கு வகுத்துள்ள விதிகளில், ஒயர் செல்லும் வழியில் வெறும் முறுக்கு ஜாயிண்ட் போடக் கூடாது என்றும், தவிர்க்க முடியாமல் போட நேர்ந்தால் எளிதில் திறந்து பார்க்கத் தக்க பெட்டிக்குள் முறையான இணைப்பாகப் போட வேண்டும் என்றும் கூறியிருக்கிறது. அரசுக் கட்டிடத்துக்கு ஆகாதது நம் வாடகை அறைக்கு மட்டும் ஆகுமா?

ஸ்பிரிங்கின் பிடி

ஜெர்மனியில் மின்டன் என்ற ஊரில் 1951ல் ஒரு கம்பெனி தொடங்கப்பட்டது. வாக்னர், ஓல்பிரிக்ட் என்ற இருவரின் பெயர்களைச் சேர்த்து 'வாகோ' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஸ்குரூவுக்குப் பதிலாக ஸ்பிரிங்கைக் கொண்டு ஒயரைப் பிடிப்பதே அதன் தொழில். 1977ல் அந்தக் கம்பெனி கொண்டு வந்த கூண்டு போன்ற ஸ்பிரிங் அமைப்பு தொழிற்சாலைகளில் பெயர் பெற்றது. வீட்டு வயரிங்குக்கு ஏற்ற லீவர் கனெக்டர் அந்த வழியில் வந்ததுதான். சாம்பல் நிற உடலில் ஆரஞ்சுக் கைப்பிடி வைத்த 222 வரிசை முதலில் பரவியது. அதன் பிறகு வந்த 221 வரிசை அளவில் சிறியது. கண்ணாடி போல உள்ளே தெரியும். இன்று பல கம்பெனிகள் இதே போலச் செய்கின்றன. ஆனாலும் கடைக்காரரிடம் 'வாகோ' என்று கேட்டால் புரிந்து கொள்வார்.

உள்ளே இருப்பது இரண்டே பொருள்கள்: ஈயம் பூசிய செம்புப் பட்டை ஒன்று, துருப்பிடிக்காத எஃகு ஸ்பிரிங் ஒன்று. கைப்பிடியைத் தூக்கினால் ஸ்பிரிங் வாய் திறக்கும். ஒயரைச் செருகிக் கைப்பிடியை மூடினால், ஸ்பிரிங் ஒயரைப் பட்டையோடு சேர்த்து அழுத்தும். இதன் சூட்சுமம் என்னவென்றால், அழுத்துவது நம் கை அல்ல, ஸ்பிரிங். கொடியில் துணியை முடிச்சுப் போட்டுக் கட்டினால் கயிறு நனைந்து காயும்போது முடிச்சு நெகிழும். கிளிப் போட்டால் துணி நனைந்தாலும் காய்ந்தாலும் கிளிப்பின் பிடி அதற்கேற்ப நெருங்கிக் கொள்ளும். இதுவும் அப்படியே. ஒயர் சூட்டில் விரிந்து, குளிரில் சுருங்கினாலும் ஸ்பிரிங் விடாமல் துரத்திப் பிடித்துக் கொண்டிருக்கும். பத்து வருட அனுபவம் உள்ளவர் போட்டாலும் சரி, நேற்று வேலைக்குச் சேர்ந்த உதவியாள் போட்டாலும் சரி, முறையாகச் செருகினால் அழுத்தம் ஒன்றே.

இரண்டு ஒயர், மூன்று ஒயர், ஐந்து ஒயர் சேர்க்கும் அளவுகளில் கிடைக்கிறது. ஒற்றைக் கம்பியானாலும், பல இழை ஒயரானாலும், இரண்டையும் கலந்து சேர்ப்பதானாலும் ஒன்றே போதும். 221 வரிசையின் சாதாரண அளவு 4 சதுர மி.மீ. ஒயர் வரை ஏற்கும். ஐரோப்பிய அளவுகோலின்படி 450 வோல்ட், 32 ஆம்பியர் என்று குறித்திருக்கிறார்கள். 6 சதுர மி.மீ. ஒயருக்குப் பெரிய அளவு தனியே உண்டு. நம் வீடுகளில் விளக்கு லைனுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் ஹீட்டருக்கும் 4 என்று போடுவது வழக்கமாதலால், வீட்டு வேலைக்குச் சாதாரண அளவே பெரும்பாலும் போதும்.

போடும் முறை

1. மின் நிறுத்தம்: அந்த லைனின் எம்.சி.பி.யை மட்டுமல்ல, மெயினையும் நிறுத்த வேண்டும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் நிறுத்த மறக்கக் கூடாது. மெயினை அணைத்த பிறகும் இன்வெர்ட்டர் வழியாகக் கரண்ட் வந்து கொண்டிருக்கும். பிறகு டெஸ்டரை வேறு ஓர் உயிருள்ள பிளக்கில் வைத்து, அது எரிகிறதா என்று முன்னதாகவே பார்த்துக் கொண்டு, அதன் பின் வேலை செய்யும் இடத்தில் சோதிக்க வேண்டும். டெஸ்டரே கெட்டிருந்தால், எரியாதது நம்மைக் காப்பாற்றாது.

2. உரித்தல்: 221 வரிசைச் சாதாரண அளவுக்கு 11 மி.மீ. உரித்தால் போதும். எவ்வளவு உரிக்க வேண்டும் என்ற அளவு கனெக்டரின் உடலிலேயே குறிக்கப்பட்டிருக்கும். பல்லால் கடித்தோ பிளேடால் கீறியோ உரித்தால் செம்பில் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட இழை பின்னால் ஒடியும். ஒயர் ஸ்டிரிப்பர் வாங்கிக் கொள்வது நல்லது. பழைய முறுக்கை அவிழ்த்த நுனி கறுத்திருந்தால் அதை வெட்டி எறிந்து, புதுச் செம்பு தெரியும் வரை உரிக்க வேண்டும்.

3. செருகுதல்: இழைகளை நேராக்கி, கைப்பிடியை முழுவதும் தூக்கி, ஒயரை அடி முட்டும் வரை செருக வேண்டும். ஓர் ஓட்டைக்கு ஓர் ஒயர்தான். இடம் இருக்கிறதே என்று இரண்டு ஒயரை ஒன்றாகத் திணிப்பது தவறு. இழைகளுக்கு ஈயம் பற்ற வைக்கவும் தேவையில்லை.

4. மூடுதல்: கைப்பிடியை 'டக்' என்ற ஓசை வரும் வரை அழுத்த வேண்டும்.

5. பார்த்தல்: கண்ணாடி உடலின் வழியே செம்பு நுனி கடைசி வரை போயிருப்பது தெரிய வேண்டும். வெளியே செம்பு தெரியக் கூடாது. அதே சமயம் ஸ்பிரிங்கின் அடியில் பி.வி.சி. உறை மாட்டிக் கொள்ளவும் கூடாது. ஒவ்வோர் ஒயரையும் தனித்தனியே மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். வந்து விட்டால் மீண்டும் செய்ய வேண்டும்.

6. மூடி வைத்தல்: கனெக்டரை ஜங்ஷன் பெட்டிக்குள்ளோ சுவிட்ச் பெட்டிக்குள்ளோ வைத்து மூட வேண்டும். அந்தரத்தில் தொங்க விடுவதும், சிமென்ட் பூசி மூடுவதும் கூடவே கூடாது. ஜாயிண்ட் என்பது பின்னால் ஒரு நாள் திறந்து பார்க்க முடியும்படி இருக்க வேண்டும்.

மின்விசிறி தொங்கும் சீலிங் ரோஸ், டியூப் லைட் பட்டி, பாத்ரூம் ஹீட்டர் லைன், பின் அறைக்குப் பிரியும் பெட்டி ஆகியவை இதற்கு நல்ல இடங்கள். மின்விசிறியின் அதிர்வில் முறுக்கு தளரும், ஸ்பிரிங் தாங்கும்.

எங்கே போடக் கூடாது?

எல்லாம் நன்மை என்று சொல்லி விட்டுப் போவது முறையாகாது. இந்தக் கனெக்டருக்கும் எல்லைகள் உண்டு.

முதலாவது, அலுமினிய ஒயர். செம்புத் தட்டுப்பாடு இருந்த காலத்தில் நம் நாட்டில் ஏராளமான வீடுகளுக்கு அலுமினிய ஒயர் போட்டார்கள். பழைய ஓட்டு வீடுகளின் மரப்பட்டிக்குள் இன்றும் அது இருக்கக் கூடும். உரித்தால் வெள்ளி போல வெளுத்திருப்பது பார்வைக்கு அடையாளம். ஆனால் ஈயம் பூசிய செம்பும் வெளுப்பாகத் தெரியும் என்பதால், நுனியைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். உள்ளே சிவந்திருந்தால் செம்பு. அலுமினியத்தின் மேல் படியும் படலம் கரண்டைத் தடுக்கும். அழுத்தினால் அந்த உலோகம் மெல்ல நெகிழ்ந்தும் கொடுக்கும். செம்போடு நேரே சேர்த்தால் ஈரத்தில் அரிக்கும். அமெரிக்காவில் 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் அலுமினிய ஒயர் போட்ட வீடுகளை அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆராயச் செய்தது. 1972க்கு முந்திய அலுமினிய ஒயர் உள்ள வீடுகளில், ஜாயிண்ட் நெருப்பு அபாய நிலையை எட்டும் வாய்ப்பு செம்பு ஒயர் உள்ள வீடுகளை விட 55 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். ஆகவே செம்புக்கென்று செய்த லீவர் கனெக்டரை அலுமினியத்தில் மாட்டக் கூடாது. அந்த லைனையே மாற்றுவதுதான் வழி.

இரண்டாவது, மீட்டரும் அதற்கு முன்னுள்ள சர்வீஸ் ஒயரும். அவை மின்வாரியத்தின் பொறுப்பு. அங்கே கை வைப்பது குற்றமும் உயிருக்கு ஆபத்தும் ஆகும். அங்கே தீப்பொறி தெரிந்தால் 1912 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

மூன்றாவது, மழையும் வெயிலும் படும் இடம். கனெக்டருக்குள் தண்ணீர் புகாமல் தடுக்க எந்த ஏற்பாடும் இல்லை. கல்யாணப் பந்தலிலும், கோயில் திருவிழாச் சீரியல் விளக்கிலும், கட்டிட வேலையிடத்துத் தற்காலிக லைனிலும் போடுவதானால், தண்ணீர் புகாத பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும்.

நான்காவது, இழுவை தாங்கும் இடம். ஒயரின் பாரமே கனெக்டரில் தொங்கும்படி விடக் கூடாது. ஒயரைத் தனியே கிளாம்ப் அடித்து நிறுத்த வேண்டும்.

ஐந்தாவது, அளவு பொருந்தாத இணைப்பு. 2.5 ஒயரிலிருந்து 1.5 ஒயரை எளிதாகச் சேர்த்து விடலாம். கனெக்டர் ஏற்றுக் கொள்ளும். ஆனால் பின்னால் இருக்கும் எம்.சி.பி. 20 ஆம்பியராக இருந்தால் அந்த மெல்லிய ஒயருக்குக் காவல் இல்லாமல் போகும். சேர்ந்திருக்கும் ஒயர்களில் மெல்லியது எதுவோ, அதற்கேற்ற எம்.சி.பி. இருக்க வேண்டும். சுமை மீறிய லைனை எந்தக் கனெக்டரும் காப்பாற்றாது.

போலிச் சரக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடலில் வோல்ட், ஆம்பியர், சதுர மி.மீ. என எதுவும் பொறிக்காத கனெக்டரை விலை குறைவு என்பதற்காக வாங்கக் கூடாது. நல்ல சரக்கு ஒன்றுக்குச் சில பத்து ரூபாய் ஆகும். டேப்போடு ஒப்பிட்டால் கூடுதல்தான். ஓர் அறைக்கு நாலைந்து தேவைப்படலாம். கருகிப் போன மின்விசிறியின் விலையோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு.

யார் செய்யலாம்?

எளிதாக இருக்கிறது என்பதால் எல்லோரும் எல்லாமும் செய்து விடலாமா? சட்டம் இதற்குத் தெளிவாக ஒரு கோடு போட்டிருக்கிறது. 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 45ஆம் விதியாக இருந்ததும், பின்னர் மத்திய மின்சார ஆணையம் 2010லும் 2023லும் வெளியிட்ட பாதுகாப்பு விதிகளில் தொடர்வதும் ஒன்றே. பல்பு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை, வயரிங்கின் அளவும் தன்மையும் மாறாதபடி கழற்றி மாட்டலாம். புது லைன் இழுப்பது, இருப்பதை நீட்டுவது, மாற்றியமைப்பது ஆகியவற்றை உரிமம் பெற்ற கான்ட்ராக்டரும், பெர்மிட் உள்ள வயர்மேனும்தான் செய்ய வேண்டும். கேரளத்தில் இந்த உரிமங்களை வழங்குவது மாநில மின்சார லைசென்சிங் போர்டு.

ஆகவே குடியிருப்பவர் செய்யக் கூடியது மூன்று. முதலில் அடையாளம் காண்பது: மினுக்கும் விளக்கு, சூடான சுவிட்ச் போர்டு, கருகிய வாடை, பழுப்பேறிய பிளக் ஓட்டை, 'சிர்' ஓசை. இவற்றில் எது தெரிந்தாலும் அந்த லைனை உடனே நிறுத்தி விட வேண்டும். இரண்டாவது, வீட்டுக்காரரிடம் சொல்வது. "ஜாயிண்ட் லூஸாணு, மாற்றணம்" என்றால் போதும். மொழி ஒரு தடையல்ல. வாயால் சொன்னதோடு நில்லாமல் ஒரு துண்டுச் சீட்டிலோ செல்போனிலோ எழுதித் தேதியோடு அனுப்பி வைப்பது பின்னால் உதவும். மூன்றாவது, வயர்மேன் வரும்போது பக்கத்தில் நின்று, "முறுக்க வேண்டாம், கனெக்டர் போடுங்கள், பெட்டியில் மூடுங்கள்" என்று கேட்பது. கனெக்டரின் விலையை நாமே கொடுக்க முன்வந்தாலும் நட்டமில்லை. பில்லை வாங்கி வைத்துக் கொண்டால் வாடகையில் கழித்துக் கொள்ளக் கேட்கலாம்.

வயரிங் வேலைக்கு இங்கே வந்திருக்கும் தமிழ்த் தோழர்களுக்கும் இதில் பயன் உண்டு. ஏணி உச்சியில் கழுத்தை மடக்கி நின்று முறுக்கும் நேரம் மிச்சமாகும். தப்பாகப் போட்டால் கைப்பிடியைத் தூக்கி மறுபடி போடலாம், ஒயர் வீணாகாது. நான்கு வருடம் கழித்து வேறொருவர் அந்தப் பெட்டியைத் திறந்தாலும் எந்த ஒயர் எதனோடு சேர்கிறது என்று ஒரே பார்வையில் புரியும். தொழிலுக்கு அதுவே நற்சாட்சி. பழகிய கைகள், "எங்கள் முறுக்கு முப்பது வருடமாக நிற்கிறது" என்று சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த முப்பது வருடத்துக்கு முன்பு அந்த லைனில் தொங்கியது ஒரு பல்பும் ஒரு ரேடியோவும். இன்று அதே லைனில் மிக்சி, இஸ்திரிப் பெட்டி, இன்டக்‌ஷன் அடுப்பு, ஹீட்டர் எல்லாம் ஓடுகின்றன. கரண்ட் இரண்டு மடங்கானால் ஜாயிண்டில் சூடு நான்கு மடங்காகும் என்பதை மறந்து விடக் கூடாது.

துலா மழை முடிந்து வெயில் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை, மெயினை நிறுத்தி விட்டு, வீட்டில் எங்கெங்கே டேப் சுற்றிய ஜாயிண்ட் வெளியே தெரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். முதலில் மாற்ற வேண்டியது, குழந்தைகள் படுக்கும் அறைக்குப் போகும் லைனில் உள்ளதை.